ஏழு மேசைகளைக் கடந்த இனிப்பு

அந்த வருஷம் அரசாங்கத்துக்குத் திடீரென்று இனிப்புகளின் பூர்வீகத்தைப் பற்றிக் கவலை வந்துவிட்டது. எந்த இனிப்பு எந்த ஊரில் பிறந்தது, பிறந்த ஊரைவிட்டு யாருடைய அனுமதியில் வெளியே போனது, போன இடத்தில் என்ன பெயரைச் சொல்லிப் பிழைத்துக்கொண்டிருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லையாம். ஜனங்கள் இதையெல்லாம் விசாரிக்காமலே இத்தனை காலம் தின்றுகொண்டிருந்தது பெரிய நிர்வாகச் சீர்கேடு என்று கண்டுபிடித்து, கல்கத்தாவில் ஒரு பழைய கட்டடத்துக்குச் சுண்ணாம்படித்து, 'இனிப்புப் பூர்வீக வாரியம்' என்று பலகை மாட்டினார்கள். திறப்பு விழாவுக்கு வந்தவர்களுக்கு பிஸ்கோத்து கொடுத்தார்கள். இனிப்பு கொடுத்தால் அது எந்த ஊர் இனிப்பு என்று கேள்வி வந்துவிடுமே.

வாரியத்தின் முதல் விதி, ஓர் ஊருக்கு ஓர் இனிப்பு. கிருஷ்ணநகர் சர்பூரியா செய்யலாம், பர்த்வான் மிஹிதானா செய்யலாம், ராணாகாட் பாந்துவா செய்யலாம். வேறு ஊர் இனிப்பைச் செய்கிறவன் அதற்குப் பூர்வீகச் சான்று வாங்க வேண்டும். இல்லாவிட்டால் கடைக்குப் பூட்டு.

நிவாரண் மோதக் ராணாகாட் ரயிலடியில் முப்பத்திரண்டு வருஷமாகக் காச்சாகோல்லா விற்கிறவர். அவருடைய அப்பா, தேசம் பிரிந்தபோது எல்லைக்கு அந்தப் பக்கம் நாடோரிலிருந்து வந்து அதே இடத்தில் அடுப்பு மூட்டியவர். காச்சாகோல்லாவில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை என்று நிவாரண் சொல்வார். விடிகாலைப் பாலைத் திரித்து, நீரை வடித்து, அந்தச் சானாவைச் சர்க்கரையோடு மிதமான தீயில் கிளறி, ஈரம் முழுக்கப் போவதற்குள் இறக்கிவிட வேண்டும். எப்போது இறக்குவது என்பதைக் கை சொல்லும். மணல் மணலாக, இளஞ்சூடாக, இலையில் அள்ளி வைத்தால் நாக்கில் பட்டதும் காணாமல் போகும். அதன் ஆயுசு ஒரு பகல். மாலை ஆறு மணிக்கு மேல் மிச்சமிருந்தால் நிவாரணே அதைத் தொடமாட்டார்.

மனிதர் நல்லவர், ஆனால் பயந்தாங்கொள்ளி. முத்திரை குத்திய காகிதத்தைக் கண்டால் பத்தடி தள்ளி நிற்பார். மின்சார ரசீதைக்கூட மனைவி பினாதான் பிரித்துப் படித்து, "ஒண்ணுமில்லை, கரண்டு பில்லுதான், மூச்சு விடுங்க" என்று சொல்ல வேண்டும்.

பங்குனி மாதத்தில் ஒருநாள் காலை பத்து மணிக்கு வாரியத்தின் பூர்வீக ஆய்வாளர் தலாபாத்ரா இரண்டு சேவகர்களோடு கடைக்குள் நுழைந்தார்.

"இது என்னய்யா?" என்று தாம்பாளத்தைக் காட்டினார்.

"காச்சாகோல்லாங்க. உட்காருங்க ஐயா, ஒரு வாய் சாப்பிடுங்க."

பழக்கதோஷம். எங்கள் பக்கத்தில் திருடன் பிடிபட்டால்கூட, போலீஸ் வருவதற்குள் ஒரு சந்தேஷைக் கையில் கொடுத்துத் தண்ணீர் வைப்பார்கள். தலாபாத்ரா நோட்டைத் திறந்து, 'விசாரணை அதிகாரியின் வாயை அடைக்க முயற்சி' என்று எழுதிக்கொண்டார். எழுதியதை உரக்கப் படித்தும் காட்டினார். நிவாரண் நீட்டிய இலையை அவசரமாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இந்த இனிப்பு எந்த ஊரு?"

"நாடோருங்க. எங்கப்பா அங்கேருந்து வந்தாரு."

"உங்கப்பாவைக் கேக்கலை. இனிப்பு எப்போ வந்துச்சு? எல்லையைத் தாண்டின தேதி என்ன?"

"அப்பாவோடதான் வந்துச்சு."

"எதுல வெச்சுக் கொண்டுவந்தாரு?"

"எதுலயும் வெக்கலைங்க. அது அவரு கையில இருந்துச்சு. அதாவது... கைப்பழக்கத்துல."

தலாபாத்ரா நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாக வாயால் சொல்லிக்கொண்டே எழுதினார்: "சோதனைச் சாவடியில்... தெரியாதபடி... கைக்குள் மறைத்து... கொண்டுவரப்பட்டது."

"ஐயா, அப்படியில்லைங்க..."

"பேர்ல கோல்லா, அதாவது உருண்டைன்னு இருக்கு. உருண்டையைக் காணோமே?"

"இது உருண்டை பிடிக்கறதில்லைங்க. உதிரியாத்தான் இருக்கும்."

"வடிவம் தலைமறைவு," என்று ஆய்வாளர் எழுதினார்.

ஒரு சிறு மண்கலயத்தில் கால் கிலோ காச்சாகோல்லாவை எடுத்து, வாயைத் துணியால் கட்டி, அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்தினார்கள். இதுதான் மாதிரி. இது ஏழு அலுவலகங்களில் ஏழு மேசைகளைக் கடந்து, ஒவ்வொரு மேசையிலும் திறந்து பார்க்கப்பட்டு, மறுபடி முத்திரையிடப்பட்டு, தொண்ணூறாவது நாள் கல்கத்தாவில் வாரியத் தலைவர் முன்னால் போய்ச் சேரும். அங்கே விசாரணை.

நிவாரணுக்குப் பயத்திலும் ஒரு தொழில் ரோஷம் வந்தது. "ஐயா, தொண்ணூறு நாளா? இது சாயங்காலத்துக்குள்ள கெட்டுப்போயிடுமே."

"கெடாது. அரசாங்க முத்திரை போட்டிருக்கு."

"குளிர்பெட்டியிலயாவது..."

"பதினாலாவது விதி. குளிர்ல வெச்சா இனிப்போட இயற்கைக் குணம் மாறிடும்." தலாபாத்ரா கலயத்தைச் சேவகனிடம் கொடுத்துவிட்டு, சற்று இரக்கத்தோடே சொன்னார்: "பயப்படாதீங்க. விசாரணையில ஒரே ஒரு கேள்விதான். கலயத்தைத் திறந்து, 'இது உங்க இனிப்பா?'ன்னு கேப்பாங்க. ஆமான்னு சொன்னா, கெட்டுப்போன இனிப்பை வித்த குத்தம். ஆறு மாசம். இல்லேன்னு சொன்னா, அரசாங்க முத்திரைக்குள்ள இருக்கறது மாறிப்போச்சுன்னு அர்த்தம். அது அரசாங்கத்து மேல பழி. மூணு வருஷம்."

"வேற ஏதாவது பதில் சொல்லலாமாங்க?"

"படிவத்துல ரெண்டு கட்டம்தான் இருக்கு," என்றார் தலாபாத்ரா.

அன்றிலிருந்து நிவாரணுக்குச் சோறு இறங்கவில்லை. கலயத்துக்குள் இப்போது என்ன நடந்துகொண்டிருக்கும் என்ற ஒரே யோசனை. மூன்றாம் நாள், பினாவுக்குத் தெரியாமல், அதேபோன்ற கலயத்தில் கால் கிலோ காச்சாகோல்லாவைப் போட்டுத் துணி கட்டிக் கட்டிலுக்கடியில் வைத்தார். நிலைமையைக் கூடவே தெரிந்துகொள்ளலாமே என்றுதான். இரண்டு நாளில் வீட்டுப் பூனை வெளியேறிவிட்டது. ஐந்தாம் நாள் பினா மூக்கைப் பொத்திக்கொண்டு வீடு முழுக்கத் தேடி, கட்டிலுக்கடியில் குனிந்தாள்.

"என்ன இழவுங்க இது?"

"அதை நகர்த்தாதே. அதுதான் நான்."

"என்ன?"

"அதோட கதிதான் என் கதி, பினா. அஞ்சு நாளைக்கே இப்படீன்னா தொண்ணூறு நாளைக்கு எப்படியிருக்கும்? அந்தக் கலயத்தை எல்லாரும் பாக்கத் திறப்பாங்க. அதுலேருந்து ஏதாவது எழுந்து வந்து என்னை அப்பான்னு கூப்பிடப் போகுது."

பினா கலயத்தைக் கொல்லைக்குக் கொண்டுபோய் இரண்டடிப் பள்ளம் தோண்டிப் புதைத்தாள். நிவாரண் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்றார். பார்க்கப் பார்க்க அவருக்கு அழுகை வந்துவிட்டது.

செய்தி தெருவில் பரவியது. ஒருநாள் எதிர்க்கடை சுபல் நாக் தெருவைத் தாண்டி வந்தார். இது சாதாரண விஷயமில்லை. இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், இருவரின் அப்பாக்களும் ஒரே ரயிலில் நாடோரிலிருந்து வந்தவர்கள், இருவரும் எதிரெதிரே ஒரே இனிப்பைத்தான் விற்கிறார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நிவாரணின் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் காதுபட, "சர்க்கரை ஒரு பிடி தூக்கல்" என்று சுபல் சொல்லிவிட்டார். அதிலிருந்து பேச்சில்லை.

"ஏண்டா நிவாரண், உன் கடைக்கு மட்டும் வந்தானாமே, அந்த ஆபீசரு?"

"ஆமாடா."

"என் கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கலையே. ஏன், என் சரக்கு மாதிரி எடுக்கற தரத்துல இல்லையா?"

"சுபல், எனக்கு ஜெயில்டா."

"அது சரி. இருந்தாலும் ஒரு மரியாதை வேணாமா?" என்று முறைத்தார் சுபல். பிறகு நிவாரணின் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கிக்கொண்டு, "நீ உள்ள போனா உன் பொண்டாட்டிக்கு ஒத்தாசையா நான் உன் கடையையும் சேத்துப் பாத்துக்கறேன், கவலைப்படாதே. சர்க்கரை ஒரு பிடி குறைச்சுப் போடுவேன், அவ்வளவுதான்," என்றார்.

நிவாரணுக்கு அதைக் கேட்டுக் கோபம் வந்திருக்க வேண்டும். பயத்தில் நன்றி சொல்லிவிட்டார்.

தொண்ணூறாவது நாள், ஆனி மாதப் புழுக்கத்தில், நிவாரணும் பினாவும் விடிகாலை ரயிலில் கல்கத்தாவின் சியால்தா நிலையத்தில் போய் இறங்கினார்கள். பினா ஒரு டப்பா நிறையக் கற்பூரமும், அதை மூக்கில் வைக்க ஒரு கைக்குட்டையும் கொண்டுவந்திருந்தாள். வாரியத்தின் தாழ்வாரத்தில் மாநிலத்து இனிப்புக்காரர்கள் பாதிப்பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மீன் வடிவ அச்சில் சந்தேஷ் செய்கிறவர். கல்யாண வீடுகளுக்கு மீன் வடிவத்தில்தானே கொடுக்க வேண்டும்? அது மீனாக இருப்பதால் மீன்வளத் துறையின் ஆட்சேபணையின்மைக் கடிதம் கேட்டிருந்தார்கள். மீன்வளத் துறையோ அது நன்னீர் மீனா கடல் மீனா என்று கேட்டு எழுதியிருந்தது.

"நான் என்னத்தைச் சொல்ல? அச்சை எங்க தாத்தா செதுக்கினாரு. அவரு ரோகு மீன்னு நெனச்சாரா ஹில்சான்னு நெனச்சாரா, யாருக்குத் தெரியும்?" என்றார் அவர். இதைச் சொல்லும்போது கண்ணில் நீர் நின்றது.

நிவாரணின் முறை வந்தது. குமாஸ்தா ஹரஷித் பாபு வந்து கூப்பிட்டார். எழுந்த நிவாரண் வெளிவாசல் பக்கம் திரும்பினார். பினா பின்னாலிருந்து தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டாள்.

மேடையில் வாரியத் தலைவர் சௌரீந்திரநாத் பாக்சி உட்கார்ந்திருந்தார். நீர்ப்பாசனத் துறையில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து, அங்கே இனி அவர் கெடுப்பதற்கு எதுவும் மிச்சமில்லை என்று இங்கே அனுப்பப்பட்டவர். சர்க்கரை வியாதிக்காரர். பத்தொன்பது வருஷமாக ஓர் இனிப்பைத் தொட்டதில்லை. அவருக்கு இடப்பக்கம் சுவை உறுப்பினர் சிக்தார். அவர் ருசி பார்த்துக் குறிப்பு எழுதுவார், தலைவர் குறிப்பைப் படித்துத் தீர்ப்புச் சொல்வார்.

பாக்சி தொண்டையைச் செருமிக்கொண்டார். "சில பேர் என்னைக் கேட்கிறார்கள், இனிப்பே சாப்பிடாதவர் எப்படி இனிப்பு வாரியத்துக்குத் தலைவர் என்று. அதுதான் என் தகுதி. சாப்பிடுகிறவனுக்கு ஆசை வரும், ஆசை வந்தால் நடுநிலை போய்விடும். சுவை என்பது தனிமனிதனுடைய பலவீனம். வாரியத்துக்கு நாக்கு கிடையாது. நான் பதவியேற்ற பிறகு முந்நூற்றுப் பன்னிரண்டு இனிப்புகளை விசாரித்து இருநூற்றுத் தொண்ணூறு இனிப்புகளைத் தடை செய்திருக்கிறேன். ஒரு கடுகளவு வருத்தம் வந்ததில்லை. கலயத்தைத் திறக்கலாம்."

ஹரஷித் பாபு கலயத்தைத் தூக்கி எல்லாருக்கும் முத்திரையைக் காட்டினார். நூலை அறுத்தார். பினா கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோனாள். நிவாரண் கண்ணை இறுக மூடிக்கொண்டு, சின்ன வயதில் சொல்லிக்கொடுத்த காளி தோத்திரத்தைத் தேடினார். முதலடி மட்டும்தான் கிடைத்தது, அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

வாடை வரவில்லை. ஏலக்காய் மணம் வந்தது.

கண்ணைத் திறந்தால், கலயத்துக்குள் ஐந்து உருண்டைகள். வெள்ளை வெளேரென்று, பெட்டியிலிருந்து எடுத்த பொத்தான்போல வழவழவென்று, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பிஸ்தாத் துண்டு.

நிவாரணுக்கு இப்போதுதான் நிஜமான பயம் பிடித்தது. கெட்டுப்போன தன் இனிப்பு இருந்திருந்தால் ஆறு மாதத்தோடு போயிருக்கும். இது அவருடையதே இல்லை. அவர் ஜென்மத்தில் பிஸ்தா வாங்கியதில்லை. இல்லையென்றால் மூன்று வருஷம். ஆமென்றால் பொய்.

"நிவாரண் மோதக், இது உங்கள் இனிப்பா?" என்றார் தலைவர்.

கலயத்தை அருகில் கொண்டுவந்து காட்டிய ஹரஷித் பாபு, உதடு அசையாமல், வங்காளி வழக்கப்படி அண்ணன் முறை சொல்லி முணுமுணுத்தார். "ஆமான்னு சொல்லுங்க நிவாரண்தா. எங்க ஏழு பேரு வேலை உங்க கையில இருக்கு."

"ஆமாங்க," என்றது நிவாரணின் வாய்.

சுவை உறுப்பினர் சிக்தார் ஓர் உருண்டையை எடுத்துக் கடித்தார். இன்னொன்றையும் எடுத்தார், முதலாவதைச் சரிபார்க்க. பிறகு குறிப்பு எழுதி நீட்டினார். தலைவர் படித்தார். படித்து முடித்தபோது அவர் முகத்தில், அணை ஒன்று உடையாமல் நின்றுவிட்டதைப் பார்த்த பழைய நீர்ப்பாசன அதிகாரியின் ஆச்சரியம் தெரிந்தது.

"தொண்ணூறு நாள்! கோடைக்காலம்! குளிர்பெட்டி கிடையாது! அப்படியும் இன்று காலை செய்ததுபோல இருக்கிறது என்கிறார் உறுப்பினர். தொண்ணூறு நாள் கெடாத ஒரு பொருள் தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாலும் கெட்டிருக்காது. ஆகவே இதன் பூர்வீகம் ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாகிறது. சான்று வழங்கப்படுகிறது. உருண்டையின் விட்டம், எடை, பிஸ்தாவின் எண்ணிக்கை எல்லாவற்றையும் அளந்து பதிவு செய்யுங்கள். இன்றுமுதல் இதுதான் காச்சாகோல்லா. இந்தப் பெயரில் இதைத் தவிர வேறு எதைச் செய்தாலும் போலி. இவரை நதியா மாவட்டக் காச்சாகோல்லா நிபுணராக நியமிக்கிறேன்."

கைதட்டினார்கள். நிவாரண் கும்பிட்டார். எதற்குக் கும்பிடுகிறோம் என்று அவருக்கே புரியவில்லை.

தாழ்வாரத்தில் ஹரஷித் பாபு டீ வாங்கிக் கொடுத்து விளக்கினார். அவர் குரலில் வெட்கம் துளியும் இல்லை.

"முதல் மேசை உங்க ஊரு பிளாக் ஆபீசு. அன்னிக்கு மத்தியானமே கலயம் வந்துருச்சு. பெரியவரு விதிப்படி திறந்து பாத்தாரு. இன்னும் லேசா சூடு இருந்துச்சாம். நாளைக்கு வெச்சா வீணாயிடும், நல்ல இனிப்பை வீணடிக்கறது பாவமில்லையா? சாப்பிட்டுட்டாரு. ஆனா அரசாங்கக் கலயத்தைக் காலியா அனுப்பற ஆள் இல்லை அவரு. கைக்காசு போட்டுப் பாந்துவா வாங்கி வெச்சு முத்திரை குத்தினாரு. கிருஷ்ணநகர்ல திறந்தாங்க, பாந்துவா. ரெண்டு நாளுக்கு மேல தாங்காதேன்னு அவங்க சாப்பிட்டாங்க. சர்பூரியா வெச்சாங்க. இப்படியே ஒவ்வொரு மேசையா வந்துச்சு. என் மேசைக்கு வந்தப்போ கீர்கதம் இருந்துச்சு. ரொம்ப நல்லாயிருந்துச்சு நிவாரண்தா, எந்த ஊர்க்காரரு வெச்சாரோ, மகராசன். நேத்து சாயங்காலம் மூலைக்கடையில இந்த பிஸ்தா சந்தேஷை வாங்கி வெச்சேன். இது சாதாரண சந்தேஷ்தான். முந்நூறு கலயம் எங்க கையால போயிருக்கு. ஒண்ணுகூடக் காலியாப் போனதில்லை."

"அப்போ என் காச்சாகோல்லா?"

"அதை முதல் நாளே அந்தப் பெரியவரு சாப்பிட்டாச்சே. அருமைன்னு சொன்னாராம்."

ரயிலில் திரும்பும்போது பினா கேட்டாள். "இப்போ என்னத்தைங்க செய்யப் போறீங்க கடையில?"

நிவாரண் மடியிலிருந்த சான்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார், காற்றில் பறந்துவிட்டால் அதற்கு என்ன தண்டனையோ என்று. "இதுல எழுதியிருக்கறதைத்தான்."

"அது காச்சாகோல்லா இல்லையே."

"மெதுவாப் பேசு!" என்று சுற்றிப் பார்த்தார் நிவாரண். எதிர் இருக்கையில் ஒரு வெள்ளரிக்காய்க்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். தூங்குவதுபோல நடிக்கிறாரோ என்று ராணாகாட் வரும்வரை அவரையே கவனித்துக்கொண்டு வந்தார்.

மறுநாளிலிருந்து நிவாரண் உருண்டை பிடித்தார். அளவுகோலால் விட்டம் பார்த்தார், பிஸ்தாவை எண்ணி வைத்தார். சானாவை எப்போது இறக்குவது என்று கை சொன்னபோது, கேட்காமல், இன்னும் இறுகட்டும் என்று கிளறிக்கொண்டே இருந்தார். சுவரில் சான்று சட்டம் போட்டுத் தொங்கியது. வாடிக்கைக்காரர்கள் வந்தார்கள், ஒன்றைக் கடித்தார்கள், சான்றைப் பார்த்தார்கள், தெருவைத் தாண்டி சுபல் நாக் கடைக்குப் போய்விட்டார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் மட்டும் ஒருநாள் கல்லாவுக்கு மேல் குனிந்து கிசுகிசுத்தார்: "நிவாரண்தா, பழைய சரக்கு உள்ள கொஞ்சம் இருக்குமா?"

"பழசுன்னு ஒண்ணு கிடையாதுங்க. எப்பவும் இதுதான்," என்றார் நிவாரண் பதறிப்போய்.

சுபல் கடையில் கூட்டம் தெருவரை நின்றது. சான்று பெற்ற கடைக்கு நேரெதிரே சான்றில்லாத ஒருவன் உதிரியாக எதையோ அள்ளிக் கொடுத்துக் காச்சாகோல்லா என்கிறான் என்ற செய்தி வாரியத்துக்கு எட்டாமல் இருக்குமா? ஆவணி மாதம் தலைவர் பாக்சியே நேரில் முகாம் விசாரணைக்கு வந்து, நகராட்சி மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார். நிபுணர் என்ற முறையில் நிவாரணுக்கு அழைப்பு வந்தது. முத்திரையோடு.

"உடம்பு சரியில்லைன்னு சொல்லிடுங்களேன்," என்றாள் பினா.

"உடம்பு சரியில்லாம போறதுக்கு விதி இருக்கான்னு தெரியலையே," என்றார் நிவாரண். போய்விட்டார்.

முகாம் என்பதால் ஏழு மேசைகள் இல்லை. ஆய்வாளர் தலாபாத்ரா பத்து நிமிஷத்துக்கு முன்னால் சுபல் கடையிலிருந்து அள்ளிக்கொண்டுவந்த கலயம் அப்படியே மேசைமேல் இருந்தது. துணிக்கு மேலே லேசாக ஆவி. எதிரே சுபல் நின்றார். வேட்டியைத் துவைத்துக் கட்டி, தலைக்கு எண்ணெய் தடவி, தன் சரக்கு ஒருவழியாக மாதிரி எடுக்கும் தரத்துக்கு வந்துவிட்டது என்ற மிடுக்கோடு வந்திருந்தார். ஆனால் கடைச் சாவியை மடியிலிருந்து எடுத்தெடுத்துப் பார்த்துக்கொண்டார்.

"தீர்ப்பு எளிமையானது," என்றார் பாக்சி. "இது காச்சாகோல்லா என்று நிபுணர் சொன்னால் இவருக்குச் சான்று. அப்படியானால் நாங்கள் ஏற்கெனவே சான்று கொடுத்தது வேறு எதற்கு என்று நிபுணர் விளக்க வேண்டியிருக்கும். இது காச்சாகோல்லா இல்லை என்று சொன்னால் இவர் கடைக்குப் பூட்டு. நிபுணர் எந்த அச்சமும் இன்றிப் பேசலாம்."

கலயத்தின் துணியை அவிழ்த்து, ஓர் இலையில் கவிழ்த்து, நிவாரண் முன்னால் வைத்தார்கள்.

நிவாரண் இரண்டு விரலால் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டார். நாக்கில் பட்டதும் காணாமல் போயிற்று. இரண்டு மாதமாக அவர் சாப்பிடாதது. சர்க்கரை ஒரு பிடி குறைவு. அந்தப் பாவி சொன்னது சரிதான் என்று முதல்முறையாகத் தோன்றியது. மகள் கல்யாணத்தன்றே ஒப்புக்கொண்டிருக்கலாம். ஒன்பது வருஷம் எதிரெதிரே பேசாமல் உட்கார்ந்திருந்தது இதற்காகத்தானா? சொல்லிவிடலாம். ஆமாம் ஐயா, இதுதான், என் சுவரில் தொங்குவது ஏழு குமாஸ்தாக்கள் சாப்பிட்ட மிச்சம் என்று சொல்லிவிடலாம். வாயைத் திறந்தார். மேசைமேல் பாக்சியின் பேனா, மூடி கழற்றி, தயாராக இருந்தது. வாயை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் யோசித்தார். யோசித்து யோசித்துப் பார்த்தும் அந்தப் பேனா அங்கேயேதான் இருந்தது.

"மோதக் பாபு? இது காச்சாகோல்லாவா?"

"இல்லீங்க," என்றார் நிவாரண்.

"உரக்கச் சொல்லுங்கள்."

"இது காச்சாகோல்லா இல்லீங்க. நான் இப்படி ஒண்ணைப் பாத்ததே இல்லை."

பாக்சி எழுதினார். தலாபாத்ரா அரக்கையும் முத்திரையையும் எடுத்துக்கொண்டு மேசையருகே வந்து, இலையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஐயா, சான்றுப் பொருளைச் சீல் வெக்கணும். ஒண்ணுமில்லையே?"

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நிவாரணும் குனிந்து பார்த்தார். இலை துடைத்துவிட்டதுபோல இருந்தது. அவருடைய ஐந்து விரலும் பிசுபிசுத்தன, உதட்டோரம் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. எப்போது சாப்பிட்டோம் என்று சத்தியமாக அவருக்குத் தெரியவில்லை.

"நிபுணர் முழுமையாக ஆராய்ந்தார் என்று எழுதிக்கொள்ளுங்கள்," என்றார் பாக்சி.

சுபல் நாக் நாலடி முன்னால் வந்தார். இலையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"பொய் சொல்றதுக்கு ஒரு வாய் போதுமேடா நிவாரண்," என்றார்.

நிவாரண் விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டு, தலாபாத்ரா காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.